அறுந்துபோக வேண்டிய நூலை நான் உறுதியாகத் தைத்தேன்

நம் சபைக் குடும்பத்தார் எல்லாருக்கும், கடைசி பெஞ்சில் உட்காரும் பை தைக்கும் ஞானமுத்து எழுதுவது.

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோட்டின் மேல் நிற்காது, இறங்கி இறங்கிப் போகும். பாறசாலைப் பக்கத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். எந்த இடத்தில் எந்த 'ள' போடவேண்டும் என்பது இன்றைக்கும் சந்தேகம்தான். தப்புகளைத் திருத்திப் படிக்கும்படி பெண்கள் ஐக்கியச் செயலாளர் அக்காவிடம் கேட்டிருக்கிறேன். சாட்சி நேரத்தில் எழுந்து சொல்ல எனக்கு ஆசைதான். பன்னிரண்டு வருடமாக ஆசைப்படுகிறேன். கால் எழும்பாது. அதனால் எழுதுகிறேன்.

கடந்த பிப்ரவரி மாதம் இரண்டாம் சனிக்கிழமை, காலை எட்டரை மணி. என் கையாலேயே என் மருமகனின் உயிருக்கு முடிச்சுப் போட்டுவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தரையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வாயில் 'ஆண்டவரே' என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகள் ஷைனியின் கணவர் பிரதீஷை உங்களில் பலருக்குத் தெரியும். பொன்முடிக்குப் போகும் பாதையில், தேயிலைத் தோட்டத்துக்கு மேலே ஒரு புல்மேடு இருக்கிறது. அங்கே பாராகிளைடரில் ஆட்களைக் கூட்டிப் பறப்பதுதான் அவர் வேலை. மேலே பெரிய துணிச் சிறகு. கீழே வாரும் பெல்ட்டும் வைத்த இருக்கை, அதை ஹார்னஸ் என்பார்கள். வந்தவர் முன்னால், அவர் பின்னால். மேட்டிலிருந்து ஓடி, காற்றில் ஏறிவிடுவார்கள். சிறகுக்கு ஏதாவது ஆகிவிட்டால் காப்பாற்ற இன்னொரு பாராசூட் ஹார்னஸிலேயே மடித்து வைத்திருக்கும். அதற்கு ரிசர்வ் என்று பெயர். சிவப்புக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் ஊசி போன்ற ஒரு கம்பி கழன்று, பாராசூட் பையோடு வெளியே வரும். அதை வீசி எறிய வேண்டும். உடனே விரியும்.

இந்த வேலைக்காரருக்குப் பெண் கொடுக்க எனக்குப் பயம் இருந்தது. ஆனால் பிரதீஷ் வீட்டுக்குள் வந்த நாள் முதல் என் பயத்தைப் பேசியே கரைத்துவிட்டார். அவர் இரண்டு பேருக்குச் சேர்த்துப் பேசுவார், நான் இரண்டு பேருக்குச் சேர்த்துக் கேட்பேன். "மாமா, நீங்க இண்ணைக்கு மூணு வார்த்த பேசியாச்சி. தொண்ட வலிக்கும், போதும்" என்று கிண்டல் செய்வார். கடைக்கு வரும்போதெல்லாம் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி சூடாக வாங்கி வந்து என் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போவார். எண்ணெய் துணியில் படும். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஏழாம் மாதம் முடிந்து ஷைனியைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தோம். அதனால் அவரும் வாரத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில். அந்த வியாழக்கிழமை ஹார்னஸைத் திருவனந்தபுரம் தம்பானூரில் இருக்கும் என் கடைக்குக் கொண்டுவந்தார். பக்கவாட்டில் தண்ணீர்ப் பாட்டில் வைக்கும் பை கிழிந்திருந்தது.

"மாமா, இந்தப் பைய மட்டும் தச்சுத் தாங்க. வேற ஒண்ணும் செய்யாண்டாம்" என்றார்.

மட்டும் என்று சொன்னார். நான் கேட்டேன். அன்பு இருக்கிறதே, அது 'மட்டும்' என்பதைக் கேட்காது.

பையைத் தைத்து முடித்தேன். திருப்பிப் பார்த்தபோது சிவப்புக் கைப்பிடியின் அருகே, கம்பி நுழைந்திருந்த இடத்தில் ஒரு மெல்லிய நூல் கட்டியிருந்தது. சட்டைப் பொத்தானுக்குக்கூட நான் போடாத நூல். பாதி நைந்திருந்தது. அதில் விரல் நகம் அளவு ஓர் அட்டை தொங்கியது, இங்கிலீஷில் ஏதோ பொடி எழுத்து. எனக்கு மனம் பதறியது. பிள்ளை ஆகாயத்தில் போகிறானே, இவ்வளவு முக்கியமான இடத்தில் இப்படி ஒரு நூலா போடுவார்கள்? எந்தச் சோம்பேறி கட்டியதோ?

முப்பது வருடமாகத் தைக்கிறேன். என் தையல் பிரிந்தது என்று ஒருவரும் பையைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அந்தப் பெருமையும் எனக்கு இருந்தது, மறைக்கவில்லை. பழைய நூலை வெட்டினேன். பெரிய சூட்கேஸ் பிடிக்குப் போடும் மெழுகு நைலான் நூலை இரட்டையாக எடுத்து, ஏழு சுற்றுச் சுற்றி, முடிச்சின் நுனியைத் தீக்குச்சியால் உருக்கி ஒட்டினேன். அட்டையை மேசை டிராயரில் போட்டேன். ஜெபித்துத்தான் தைத்தேன். 'ஆண்டவரே, இது அறாமல் காத்துக்கொள்ளும்' என்று கேட்டேன்.

பிரதீஷிடம் அதைச் சொல்லவில்லை. செய்த உதவியைச் சொல்லிக்காட்ட எனக்குக் கூச்சம். வெள்ளிக்கிழமை காற்று சரியில்லாததால் அவர் பறக்கவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் ஹார்னஸை பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டாம் சனி விடுமுறை, ஆட்கள் நிறைய வருவார்கள்.

எட்டரை மணிக்கு ஷைனி மெல்ல நடந்து கடைக்குக் காலைச் சாப்பாடு கொண்டுவந்தாள். கைதுடைக்கத் துணி தேடி டிராயரைத் திறந்தவள் அந்த அட்டையை எடுத்தாள்.

"அப்பா, இது பிரதீஷுக்க ரிசர்வ்ல உள்ளதுல்லா? இஞ்ச எப்பிடி வந்து?"

"நூலு நைஞ்சி கெடந்து மக்களே. நல்ல நூலா மாத்தித் தச்சேன்."

அவள் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். முகம் மாறியது.

"அப்பா... இந்த நூலு அறுந்து போவதுக்குன்னே கெட்டுனது. கைப்பிடிய இழுத்தா பட்டுன்னு அறணும். அறுந்தாத்தான் கம்பி கழலும். நூல மாத்தாண்டாம், அறுந்திருந்தா ரிக்கரிட்ட காணிக்கணும்னு இதுல எழுதியிருக்கு." பிறகு மெதுவாக, "எந்த நூலப் போட்டிய?" என்று கேட்டாள்.

நான் நூல்கண்டை எடுத்துக் காட்டினேன். அவள் இழுத்துப் பார்த்தாள். விரலை வெட்டியது, நூல் அறவில்லை.

அப்போதுதான் நான் தரையில் உட்கார்ந்தேன்.

ரிக்கர் என்றால் யார் என்று எனக்கு அதுவரை தெரியாது. ரிசர்வ் பாராசூட்டைப் பிரித்துச் சோதித்து, மறுபடி மடித்துக் கட்டி, அந்த மெல்லிய நூலைப் போட்டுக் கையெழுத்திடுவதற்கென்றே பயிற்சி பெற்றவர் அவர். அவர் கட்டிய முடிச்சை வேறொருவர் தொடக்கூடாது. நான் தொட்டேன்.

ஷைனி போன் அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி அடித்தாள், அதேதான். அந்த மேட்டில் டவர் கிடையாது. பொன்முடி பஸ் போய்விட்டது, அடுத்தது வர நேரம் ஆகும். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நானும் வாறேன்" என்றாள். அந்த வளைவுப் பாதையில் அவளை எப்படிக் கூட்டிப்போவேன்? "நீ போன் அடிச்சிக்கிட்டே இரு. நான் போவேன்" என்றேன்.

கடை வாசலில் எப்போதும் ஆட்டோ போடும் மணி அண்ணன், பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பக்கத்து ஸ்ரீவராகத்துக்காரர். நான் சொல்லத் தெரியாமல் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஏறும் ஓய். எங்கேன்னு வழியிலே சொல்லும்."

நெடுமங்காடு தாண்டும்வரைக்கும் எனக்குச் சொல்லி முடிக்க முடியவில்லை. கேட்டு முடித்ததும் அவர் வேகத்தைக் கூட்டினார். பிறகு, "நீர் உம்ம சாமியைக் கூப்பிடும். நான் பத்மநாபனைப் பாத்துக்கறேன். யார் முன்னாடி வந்தாலும் சரி" என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்குக் கர்த்தர் நீண்ட ஆயுள் தரட்டும்.

வழி முழுதும் ஜெபித்தேன். பெரிய ஜெபம் எனக்கு வராது. ஒரே வரியைச் சொன்னேன்: 'அவர் ஓடக்கூடாது, ஆண்டவரே. காற்றைப் பிடித்து வையும்.' பிரதீஷ் எப்போதோ சொன்னது நினைவிலிருந்தது. காலையில் மலைக்காற்று மேலிருந்து கீழே இறங்கும், அப்போது பறக்க முடியாது. வெயில் ஏறியதும் காற்று திரும்பி முகத்தில் அடிக்கும், அப்போதுதான் ஓடுவார்கள். பெரும்பாலும் ஒன்பது, ஒன்பதரைக்குத் திரும்பிவிடும். எங்கள் ஆட்டோ வளைவுகளில் ஏறும்போது மணி பத்து. வானத்தில் சிறகு தெரிகிறதா என்று ஒவ்வொரு வளைவிலும் தலையை நீட்டிப் பார்த்தேன். தெரியவில்லை. அது நல்லதா, கெட்டதா? நினைக்கவே பயந்தேன்.

மேட்டுக்கு ஆட்டோ போகாது. கடைசித் துண்டு ஏறி மூச்சு வாங்க நின்றபோது மணி பத்தரை. பதினைந்து இருபது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பறக்கவில்லை! கம்பத்தில் கட்டிய காற்றுத்துணி இன்னும் கீழ்ப்பக்கமாகவே நீண்டு கிடந்தது. வரிசையில் ஒருவர் சலித்துக்கொண்டார்: "எந்தொரு காத்தாணு இது, ரெண்டு மணிக்கூறா திரும்பமாட்டேங்குது."

எனக்கு அழுகை வந்தது. அந்தக் காற்றுக்காகவே வழி முழுதும் கேட்டுக்கொண்டு வந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஆனால் இங்கேதான் என் உண்மையான சோதனை தொடங்கியது. பிரதீஷ் மேட்டின் அந்தக் கோடியில் சிறகை விரித்து, ஹார்னஸ் மாட்டி, ஒரு டீச்சரை முன்னால் கட்டித் தயாராக நின்றார். எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் நடுவே போய் என்ன சொல்வேன்? நான் செய்த முட்டாள்தனத்தை அத்தனை பேரும் கேட்க வேண்டும். என் மருமகன் கொண்டுவந்த சாமானை அவருடைய மாமனாரே கெடுத்துவிட்டார் என்று நாளைக்கு அவருக்கு வேலை போகலாம். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று ஓரமாக நடக்கத் தொடங்கினேன். நம்புங்கள், அப்போதும் ஓரமாகத்தான் நடந்தேன்.

பாதி தூரம் போயிருப்பேன். என் கன்னத்தில் காற்று பட்டது. கீழேயிருந்து மேலே வந்த காற்று. கம்பத்துத் துணி தொங்கி, ஒரு முறை சுழன்று, எங்கள் பக்கம் நீண்டது.

வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பிரதீஷ், "டீச்சரே, ரெடி. நான் ஓடுன்னா நிக்காம ஓடணும்" என்றது எனக்குக் கேட்டது.

அப்போது என் ஜெபம் மாறியது. காற்றைக் கேட்கவில்லை. 'ஆண்டவரே, என் வாயைத் திறவும்' என்றேன். அவ்வளவுதான்.

"டேய் பிரதீஷே! ஓடாத! நில்லுடா!"

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. மருமகனை அதுவரை பெயர் சொல்லிக்கூட நான் கூப்பிட்டதில்லை. மலை முழுக்கக் கேட்டது. அவர் திகைத்துத் திரும்பினார். சிறகு பாதி எழுந்து புல்லில் சரிந்தது.

எல்லார் முன்னாலும் சொன்னேன். ரிசர்வ் நூலை நான் மாற்றிவிட்டேன், கைப்பிடி வராது, என் தப்பு, அவர் தப்பில்லை என்றேன். ஒரு மூச்சில் சொல்லி முடித்தேன்.

பிரதீஷ் உடனே டீச்சரைக் கழற்றிவிட்டார். ஹார்னஸில் இருந்தபடியே சிவப்புக் கைப்பிடியை இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். ஹார்னஸின் துணிதான் இழுபட்டு வந்தது, கம்பி நூலளவும் அசையவில்லை. என் ஏழு சுற்று. டீச்சர் இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டார்.

நான் பாக்கெட்டிலிருந்து கத்தரியை எடுத்தேன். "இப்பமே வெட்டிடுதேன்."

அவர் என் கையைப் பிடித்தார். "வேண்டாம் மாமா. இனி இத நாம ரெண்டுபேரும் தொடாண்டாம். ரிக்கர் வந்து பாக்கட்டு." வந்தவர்களிடம் திரும்பி இன்றைக்குப் பறப்பு இல்லை என்றார். சிலர் முணுமுணுத்தார்கள். டீச்சர் மட்டும் என்னிடம் வந்து தலையைக் குனிந்து, "அச்சா, நன்னி" என்று அப்பா முறை வைத்து நன்றி சொன்னார்.

எல்லாரும் போன பிறகு பிரதீஷ் என் தோளில் கைபோட்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"மாமா."

"உம்."

"என்னை டேய்ன்னு கூப்பிட்டிய."

"தெரியாம வந்துட்டு."

"எங்க அப்பா செத்த பிறவு என்னை யாரும் அப்பிடிக் கூப்பிட்டதில்ல. இனி அதுதான் வேணும். மாத்தினியன்னா, பழம்பொரி கெடையாது."

நாங்கள் இருவரும் அழுதோம். கீழே ஆட்டோவில் காத்திருந்த மணி அண்ணன் எங்களைப் பார்த்ததும், "யார் முன்னாடி வந்தா ஓய்?" என்று கேட்டார். டவர் வந்த முதல் வளைவில் ஷைனிக்குப் போன் செய்தோம்.

அடுத்த வாரம் நம் சபை மண்டபத்தில் பெஞ்சுகளை ஒதுக்கி, தரை முழுக்க வெள்ளைத் துணி விரித்து, பிறகு உத்தரத்தில் இரண்டு நாள் தொங்கப் போட்டிருந்ததைப் பலர் பார்த்தீர்கள். எதற்கு என்று கேட்டீர்கள். நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அதுதான் அந்த ரிசர்வ். சுத்தமான, பெரிய, வெயில் படாத இடம் வேண்டும் என்று ரிக்கர் சொன்னதால் போதகர் மண்டபத்தைத் திறந்து கொடுத்தார். ரிக்கர் ஓர் அம்மா. லிசி மேடம், கொச்சிப் பக்கம், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு வேலை செய்வார்.

என் முடிச்சை வெட்ட அவருக்கே கொஞ்ச நேரம் ஆனது. "இது யாரு தைச்சது?" என்றார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். "நல்ல தையல் கேட்டோ. என்டெ பேக் ஒண்ணு கிழிஞ்சு கெடக்கு, நான் கொண்டுவரும். ஆனா ரிசர்வ் பக்கத்துல மட்டும் இந்தக் கை வரண்டா."

பிறகு அவர் உள்ளே இருந்ததை விரித்தார். ஈர வாடை அடித்தது. போன மழைக்காலத்தில் நனைந்த பொருள்களோடு வைத்திருந்தார்கள். கயிறுகளைப் பிடித்து வைக்கும் ரப்பர் வளையங்கள் இளகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அட்டையில் எழுதியிருந்த அடுத்த சோதனை மாதமும் கடந்திருந்தது. சீசன் முடியட்டும் என்று பிரதீஷ் தள்ளிப் போட்டிருந்தார். என் நூல் இல்லாவிட்டாலும் இது விரியத் தாமதித்திருக்கலாம் என்று லிசி மேடம் சொன்னார். பிரதீஷ் தலை குனிந்தார். அன்றுதான் எனக்குப் புரிந்தது. நான் தைத்த தப்பின் வழியாக, நாங்கள் யாரும் பார்க்காத இன்னொரு ஆபத்தையும் கர்த்தர் திறந்து காட்டினார்.

புது வளையம் போட்டு, ஹார்னஸில் பொருத்தி, பிரதீஷை அதில் தொங்கவிட்டு இழுக்கச் சொன்னார். ஒரே கையில் பட்டென்று வந்தது. அதன் பிறகு மறுபடி பொறுமையாக மடித்து, அந்த மெல்லிய நூலைக் கட்டினார். எனக்கு அதைப் பார்த்தால் இன்றைக்கும் கை துறுதுறுக்கும். தொடமாட்டேன்.

நம் சபையிலும் பிள்ளைகள் இந்த வேலைக்கும் விளையாட்டுக்கும் போகிறார்கள். அதனால் அந்த அம்மா சொன்னதை எழுதுகிறேன். அட்டையில் உள்ள மாதம் வந்துவிட்டால் ரிக்கரிடம் கொடுத்துவிடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். மழையிலோ கடல் தண்ணீரிலோ நனைந்தாலும், மணல் புகுந்தாலும், மூடிய காரில் வெயிலில் கிடந்தாலும், ஒரு முறை திறந்துவிட்டாலும், நூல் அறுந்தாலும், கம்பி வளைந்தாலும், ஹார்னஸ் மாற்றினாலும், அதன் பக்கத்தில் யாராவது ஊசி வைத்தாலும் அவரிடம்தான் போக வேண்டும். பறக்கும் முன் ஒவ்வொரு முறையும் கைப்பிடியையும் கம்பியையும் கண்ணால் பாருங்கள். சந்தேகமா? அன்றைக்குப் பறக்காதீர்கள். ஜெபித்துவிட்டேன், அது போதும் என்று நினைக்க வேண்டாம். நானும் ஜெபித்துத்தான் அந்த நூலைத் தைத்தேன்.

மலைக்காற்று சில நாள் தாமதமாகத் திரும்பும், அது இயற்கைதான் என்று பிரதீஷ் சொல்வார். இருக்கட்டும். எனக்கு அதில் வழக்கில்லை. அந்த இயற்கையை உண்டாக்கினவரிடம் நான் கேட்டேன், நான் போய்ச் சேரும்வரை அது திரும்பாமல் நின்றது. அதைவிடப் பெரிய அற்புதம், என்னைப் போன்றவன் வாய் திறந்தது. காற்று காத்திருந்தும் நான் பேசாமல் இருந்திருந்தால்?

ஏப்ரலில் ஷைனிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரதீஷ் கையில் வாங்கி முதலில் என்னிடம்தான் நீட்டினார். இப்போது நான் கடையில் வேலை வாங்கும்போது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகியிருக்கிறேன். அது என்ன நூல், எதற்கு என்று கேட்டுவிட்டே கத்தரியை எடுக்கிறேன்.

சகோதரரே, சகோதரியே, உங்கள் கையாலும் ஏதாவது தப்பு நடந்திருக்கலாம். நல்லது என்று நினைத்தே செய்திருப்பீர்கள். வெட்கத்தால் மூடி வைத்திருப்பீர்கள். அவரிடம் சொல்லுங்கள். பிறகு, யாருக்கு ஆபத்தோ அவரிடமும் போய்ச் சொல்லுங்கள். நீங்கள் போய்ச் சேரும்வரை அவர் காத்துவைப்பார். எனக்குக் காத்துவைத்தார்.

பலமுறை எழுதிக் கிழித்துப்போட்டு, கடைசியில் எழுதி முடித்தது நவம்பர் 9, ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த மத்தியானம்.